ஐகானில் முகமா, காய்களா?

புதிர் விளையாட்டுக்கு ஸ்டோர் படம் வரைய உட்கார்ந்தால் முதலில் வரும் சண்டை இதுதான்: கதாபாத்திரத்தின் முகத்தை வைப்பதா, விளையாடும் காய்களையே காட்டுவதா? ராயல் மேட்ச் என்ற விளையாட்டு ராஜாவின் முகத்தை வைத்தது. கேண்டி கிரஷ் மிட்டாய்களை நம்பியது.

கூகுள் பிளே ஐகானை 512-க்கு 512 பிக்சலில் கேட்கும். ஆனால் தேடல் பட்டியலில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கேயும் முகம் முகமாகவே தெரியும். இரண்டு கண்ணும் ஒரு வாயும் போதும். முழுப் பலகையையும் அப்படியே வைத்தாலோ, தரையில் கொட்டிய ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். காய்தான் வேண்டும் என்றால் ஒன்றோ இரண்டோ, பெரிதாக, விளிம்பு தெளிவாக, எதிர் நிறப் பின்னணியில் வையுங்கள்.

சரி, முகத்துக்குக் குறையே இல்லையா? உண்டு. என்ன விளையாட்டு என்று அது சொல்லாது. அதிலும் வாயைப் பிளந்து கத்தும் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் கதை வேறு. படம் அகலமானது, விளையாட்டின் பெயரும் அதற்குள்ளேயே வர வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து விருது, மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதையும் அதில் எழுதக் கூடாது. அங்கே நான் காய்கள் பக்கம்: பெயரைப் பெரிதாகப் போட்டு, ஒரு எழுத்தையே காயாக மாற்றிவிடலாம். கைபேசிக்கு முகம்தான், ஆனால் கையில் ஒரு காயைப் பிடித்தபடி.