லாஸ்பேட்டை ரன்வேயில் எது நிலைக்கும்: ஏடிஆரா, க்யூ400-ஆ?

புதுச்சேரி விமான நிலையம் என்றாலே எல்லாரும் டிக்கெட் விலையில் ஆரம்பிப்பார்கள். ரன்வேயில் ஆரம்பிப்பதுதான் சரி. லாஸ்பேட்டை ரன்வேயின் நீளம் 1,500 மீட்டர் சொச்சம். முழுச் சுமையோடு ஏர்பஸ்ஸின் ஏ320 ஜெட் ஒன்று கிளம்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, இந்த ஊருக்கு இப்போதைக்குப் பெரிய ஜெட் இல்லை. புரொப்பல்லர் வைத்த டர்போபிராப் விமானம்தான். அதிலும் எழுபது எண்பது பேரை ஏற்றுவது, இந்தியாவில் ஓடுவது என்று சலித்தால் மிஞ்சுவது இரண்டு பெயர்கள்: ஏடிஆர் 72-600, க்யூ400.

இரண்டுமே இங்கே வந்துபோனவை. 2013-இல் ஸ்பைஸ்ஜெட் க்யூ400-ஐ வைத்துப் பெங்களூருக்கு ஓட்டியது. அடுத்த ஆண்டே நிறுத்தியது. 2017 ஆகஸ்டில், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் அதே விமானத்தோடு ஹைதராபாத் சேவையைத் தொடங்கியது. 2024-இல் அதுவும் நின்றது. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி இண்டிகோ ஏடிஆர் 72-600-ஐக் கொண்டுவந்து பெங்களூரு, ஹைதராபாத் இரண்டுக்கும் தொடங்கியது. லாஸ்பேட்டை பக்கத்திலேயே இருக்க, கடலூர்க்காரர்கள் பலர் இன்னமும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணித்து மீனம்பாக்கம் போவதற்கு, இப்படி வருவதும் போவதுமாக இருந்த வரலாறு ஒரு காரணம். எப்போது நிற்கும் என்று தெரியாத சேவையை நம்பி யார் திட்டம் போடுவார்கள்?

முதலில் காகிதத்தில் பார்ப்போம். க்யூ400 நிச்சயம் வலுவான விமானம். ஒவ்வொரு என்ஜினும் 5,000 குதிரைத்திறனுக்கு மேல். ஏடிஆரில் அது ஏறத்தாழ 2,500. க்யூ400 மணிக்கு 660 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஏடிஆர் 510 வாக்கில். நீளமும் அதிகம்: க்யூ400 32.8 மீட்டர், ஏடிஆர் 27.2 மீட்டர். விமானிகளிடம் கேட்டால் பலர் க்யூ400 பக்கம்தான் கை தூக்குவார்கள்.

ஆனால் நம் கணக்கு வேறு. புதுச்சேரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்கோட்டில் 265 கிலோமீட்டர் போலத்தான். அவ்வளவு தூரத்துக்கு இரண்டுக்குமான வித்தியாசம் ஏழெட்டு நிமிடம். ஏறுவது, இறங்குவது, தரையிறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும். ஹைதராபாத் 600 கிலோமீட்டர். அங்கே கால் மணி நேரம் மிச்சமாகலாம். அந்தக் கால் மணிக்காக இரு மடங்கு சக்தியுள்ள என்ஜினுக்கு எரிபொருள் ஊற்ற வேண்டும். குறுகிய தூரத்தில் ஏடிஆர் தெளிவாகச் சிக்கனமானது. 78 இருக்கையில் எத்தனை நிரம்பும் என்று நிச்சயமில்லாத ஊரில், காலி இருக்கையோடு பறந்தாலும் கையைக் கடிக்காத விமானம்தான் தாக்குப்பிடிக்கும்.

கிட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஜாதி. க்யூ400-இன் சக்கரக்கால்கள் இறக்கையில் உள்ள என்ஜின் கூட்டிலிருந்து நீளமாகத் தொங்கும், கொக்கு நிற்பது போல. ஏடிஆருக்கு வயிற்றின் இருபுறமும் வீங்கிய அறைக்குள் சக்கரம். அதனால் தரையோடு தாழ்ந்து நிற்கும். முன்பக்கம் சரக்குக் கதவு, பயணிகள் ஏறுவது வால் பக்கம். முதன்முறை போகிறவர்கள் முன்பக்கம் நடந்துபோய்த் திரும்பி வருவது வாடிக்கை. இன்னொன்று: நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தரத் தனி குட்டி என்ஜின் ஏடிஆரில் கிடையாது. வலது என்ஜினின் புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு என்ஜினை ஓடவிடுகிறார்கள். புரொப்பல்லர் சுற்றாமல் இரைச்சல் மட்டும் கேட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். தனி என்ஜின் இல்லாததால் எடையும் குறைவு, பராமரிப்புச் செலவும் குறைவு. சின்ன நிலையத்துக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பாதுகாப்பில் இரண்டுக்கும் தழும்பு உண்டு. 2007-இல் க்யூ400-இன் சக்கரக்கால் கோளாறால் அடுத்தடுத்து மூன்று விபத்துகளைச் சந்தித்த ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் விமான நிறுவனம், அந்த விமானங்களையே மொத்தமாகக் கைவிட்டது. ஏடிஆருக்கு எதிரி பனிப்படிவு: 1994-இல் அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே 68 பேர் இறந்த பிறகு, இறக்கையில் பனி நீக்கும் பகுதியை விரிவுபடுத்தினார்கள். 2024-இல் பிரேசிலில் 62 பேரைப் பலிகொண்ட விபத்திலும் அதே பேச்சு எழுந்தது. வங்கக் கடலோரத்தில் அந்த அளவுக்குப் பனி சேரும் வாய்ப்பு மிகக் குறைவு. இங்கே கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. அது இருவருக்கும் பொது.

சரி, இதுவரை சொன்னது எல்லாம் இரண்டாம்பட்சம். முடிவைத் தீர்மானிப்பது தொழிற்சாலை.

க்யூ400 பிறந்தது கனடாவின் டொராண்டோவில், டவுன்ஸ்வியூ ஆலையில். அந்த ஆலையை வைத்திருந்த டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தைப் போயிங் 1986-இல் வாங்கியது, 1992-இல் பம்பார்டியே வாங்கியது. பம்பார்டியே சி சீரிஸ் ஜெட் செய்யப்போய்க் கடனில் மூழ்கி, அதை ஏர்பஸ்ஸிடம் கொடுத்தது. அதுதான் இன்றைய ஏ220. 2019-இல் க்யூ400-ஐ லாங்வியூ குழுமத்துக்கு விற்றது. 2021-இல் உற்பத்தி நின்றது, டவுன்ஸ்வியூ ஆலையும் கைவிட்டுப் போனது. ஆல்பர்ட்டாவில் புது ஆலை கட்டுவோம் என்று 2022-இல் அறிவித்தார்கள். இப்போது பழைய விமானங்களைப் புதுப்பித்துத் தருவதுதான் நடக்கிறது. ராஜ்தூத் பைக் வைத்திருந்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும்: வண்டி கெட்டி, ஓட்டவும் சுகம், ஆனால் கம்பெனி செய்வதில்லை, உதிரிபாகத்துக்காக இன்னொரு வண்டியைப் பிரிக்க வேண்டும்.

ஏடிஆர் ஏர்பஸ்ஸும் இத்தாலியின் லியோனார்டோவும் சரிபாதி வைத்திருக்கும் நிறுவனம். உடற்பகுதி நேப்பிள்ஸ் அருகிலிருந்து வருகிறது, இறக்கை போர்தோவிலிருந்து. துலூஸில் சேர்த்துப் பூட்டுகிறார்கள். ஆலை திறந்திருக்கிறது, எதிராளி இல்லை. பின்னே விற்பனை குவிந்து தள்ள வேண்டாமா? இல்லை. 2023-இல் செய்து கொடுத்தது 36 விமானங்கள், 2024-இல் 35. இந்தத் தொழிலின் சிக்கல் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. விமானம் வடிவமைத்துச் சான்றிதழ் வாங்கப் பல நூறு கோடி டாலர் ஆகும். ஆண்டுக்கு முப்பத்தைந்து விற்கும் சந்தையில் அந்தப் பணம் எப்போது திரும்பும்? குட்டி ரன்வேக்கென்று திட்டமிட்ட ஏடிஆர் 42-600எஸ் ரகத்தை 2024-இல் கைவிட்டார்கள். ஹைப்ரிட் என்ஜினோடு ஈவோ என்று ஒன்றை 2022-இல் அறிவித்து, 2030-ஐ ஒட்டி வரும் என்றார்கள். அந்தத் தேதியை இப்போது யாரும் அழுத்திச் சொல்வதில்லை. போட்டி இல்லாத கடைக்காரருக்கு அவசரம் எதற்கு?

இன்னொரு முடிச்சும் உண்டு. ஏடிஆர், க்யூ400 இரண்டுக்குமே என்ஜின் செய்வது ஒரே நிறுவனம்: ப்ராட் அண்ட் விட்னி கனடா. சீனா எம்ஏ700 என்ற டர்போபிராப்பைச் செய்யத் தொடங்கியபோது, அதே நிறுவனத்தின் என்ஜினுக்குக் கனடா ஏற்றுமதி அனுமதி தராததால் திட்டம் முடங்கியது. பிரேசிலின் எம்பரேர் புது டர்போபிராப் திட்டத்தைத் தள்ளிவைத்ததற்கும் ஏற்ற என்ஜின் கிடைக்காததே காரணம். உடலைச் செய்யப் பலரால் முடியும். என்ஜின் கையில் இருப்பவர்தான் கதவைத் திறக்கிறார்.

நாமே செய்தால் என்ன? கான்பூரில் பொதுத்துறை நிறுவனமான எச்ஏஎல் 1961 முதல் 1980-கள் வரை ஆவ்ரோ விமானம் செய்தது. அதற்குப் பிறகு அந்த அளவில் எதுவும் இல்லை. 14 இருக்கை சரஸ் 2004-இல் பறந்தது, 2009-இல் பெங்களூரு அருகே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதன் 19 இருக்கை வடிவம் இன்னும் பயணிகளிடம் வந்து சேரவில்லை. 2025 அக்டோபரில் ரஷ்யாவின் எஸ்ஜே-100 ஜெட்டை இங்கே செய்ய எச்ஏஎல் ஒப்பந்தம் போட்டது. அந்த ஜெட் கிளம்ப முழு எடையில் 1,700 மீட்டர் வேண்டும். லாஸ்பேட்டைக்கு ஆகாது.

கையில் இருப்பது எச்ஏஎல்லின் டார்னியர் 228 ஒன்றுதான். 19 பேர், 800 மீட்டர் போதும். 2022 ஏப்ரலில் திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்கு அலையன்ஸ் ஏர் இதை ஓட்டத் தொடங்கியது. கேபினில் காற்றழுத்த வசதி இல்லை, அதனால் தாழத்தான் பறக்கும், காது அடைக்கும், சத்தமும் அதிகம். புதுச்சேரிக்கு இது சிறிது. ஆனால் உடான் பட்டியலில் பெயர் வந்தும் அந்தத் திட்டத்தில் சேவை தொடங்காத நெய்வேலி விமானத்தளத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. கடலூர் மாவட்டம் கேட்க வேண்டியது இதைத்தான், ஏடிஆரை அல்ல.

புதுச்சேரிக்கு என் ஓட்டு ஏடிஆருக்கு, கொஞ்சம் கவலையோடு. ரன்வேயை நீட்டினால் ஏ320 வரும் என்கிறார்கள். நீட்ட வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் அந்தப் பேச்சு ஆண்டுக்கணக்காக இழுக்கிறது. நிலமே கிடைத்தாலும், ஏர்பஸ் கையில் செய்து முடிக்காத ஆர்டர்கள் 8,000-க்கு மேல். 2024-இல் அது கொடுத்தது 766. கிடைக்கும் ஏ320-ஐ எந்த நிறுவனமும் முதலில் டெல்லிக்கும் மும்பைக்கும்தான் அனுப்பும். அதனால் புதுச்சேரி அரசு இப்போதே கேட்கக்கூடியது, இருக்கிற ஏடிஆரை வைத்துக் கொச்சிக்கோ திருப்பதிக்கோ மூன்றாவது வழித்தடம் ஒன்று.