பஞ்ச் முனை நீடித்து உழைக்க: ஆழ்குளிரா, பொன்னிறப் பூச்சா?

கோவை கணபதியில் மோட்டார் ஸ்டாம்பிங் (மோட்டாருக்குள் அடுக்கும் மெல்லிய தகடுகள்) அடிக்கும் பட்டறைகளில், தகட்டின் ஓரத்தை நகத்தால் தடவியே, அதை வெட்டும் எஃகுக் கருவியான பஞ்சின் நிலையைச் சொல்லிவிடுவார்கள். பிசிறு சிக்கினால் பஞ்ச் சாணைக்குப் போக வேண்டும். அரை மில்லிமீட்டர் சிலிக்கான் எஃகுத் தகட்டுக்குப் பஞ்சுக்கும் டைக்கும் (பஞ்ச் இறங்கும் துளையுள்ள அடிப்பகுதி) நடுவே ஒரு பக்கம் விடும் இடைவெளி சுமார் 0.025 மி.மீ.தான். முனை சற்றே மழுங்கினாலும் பிசிறு எழுந்துவிடும்.

சாணைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட முதல் வழி, 500 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று முறை டெம்பரிங் (கடினப்படுத்திய எஃகை நொறுங்காமல் இருக்க மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துவது) செய்வது. இது மலிவு, சாதாரண வேலைக்குப் போதும்.

அடுத்தது பொன்னிற டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. அதன் கடினத்தன்மைக்கு எஃகு ஈடாகாது. டிரில், டேப் போன்றவற்றுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் தடிமன் சில மைக்ரான்களே. பஞ்சைச் சாணை பிடித்ததும் முகப்பில் இருந்த பூச்சு போய்விடும். பக்கவாட்டில் மட்டுமே மிஞ்சும். இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சு ஏறுவது 400-500 டிகிரி சூட்டில். 200 டிகிரியில் டெம்பரிங் செய்த டி2 எஃகு (பஞ்ச், டை செய்யும் கருவி எஃகு) அந்தச் சூட்டில் இளகிவிடும்.

மூன்றாவது ஆழ்குளிர், அதாவது எஃகைப் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே குளிரவைப்பது. டி2 எஃகைச் சூடேற்றிக் குளிரவைத்த பிறகும் அதற்குள் ஆஸ்டினைட் என்ற மென்மையான படிக அமைப்பு கணிசமாக மாறாமல் தங்கிவிடுகிறது. பிற்பாடு அது மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறினால் பருமன் கூடி, அந்த 0.025 மில்லிமீட்டரில் கை வைக்கும். மைனஸ் 80 டிகிரியே இந்த ஆஸ்டினைட்டில் பெரும்பகுதியை மாற்றிவிடும். அளவு மாறாமல் இருக்க வேண்டிய கேஜுக்கு அதுவே போதும். தேய்மானம்தான் கவலை என்றால், திரவ நைட்ரஜனில் மைனஸ் 185 டிகிரிக்கு அருகே ஒரு நாள் அளவுக்கு வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் பின்னர் செய்யும் டெம்பரிங்கில் கார்பைடுகள் என்ற நுண்ணிய கடினத் துகள்கள் எஃகு முழுவதும் பரவலாக உருவாகின்றன. இந்தப் பலன் மேற்பரப்போடு நிற்பதில்லை. எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூடவே வரும். ஆகவே ஸ்டாம்பிங் பஞ்சுக்கு என் வாக்கு ஆழ்குளிருக்கே.

கடினத்தன்மையைக் காட்டும் ராக்வெல் எண் ஓரிரு புள்ளிதான் ஏறும். அதை வைத்துப் பலனை எடைபோடாதீர்கள். இரண்டு சாணைகளுக்கு இடையே எத்தனை தகடு விழுந்தது என்று எண்ணுங்கள்.

வேலையைக் கொடுக்கும்போதே வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குவென்ச் (சூடான எஃகை வேகமாகக் குளிரவைப்பது) முடிந்த கையோடு ஆழ்குளிர், அதன் பிறகு கட்டாயம் டெம்பரிங். முதலில் டெம்பரிங்கை முழுதாக முடித்துவிட்டால் ஆஸ்டினைட் நிலைத்துப்போய், குளிருக்கு எளிதில் மசியாது. கூர்மூலைகள் உள்ள டைக்கு மட்டும், விரிசல் விடாமல் இருக்க, 150 டிகிரியில் இலேசாக ஒரு முறை சூடுகாட்டிவிட்டுக் குளிரில் இறக்கலாம். நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்று மெல்ல இறக்க வேண்டும். நேரடியாக நைட்ரஜனில் முக்குபவரிடம் கொடுக்காதீர்கள்.