முதுமையில் கால் வலு: தட்டில் புரதமா, டப்பாவில் புரதமா, வலுப் பயிற்சியா?

காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தபோது அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கைப்பிடியை இரு கைகளாலும் அழுத்தி, பாதி எழுந்து, பொத்தென்று உட்கார்ந்து, இரண்டாம் முயற்சியில்தான் நிற்பார். பார்க்க வந்த உறவினர் ஒருவர் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் முட்டையும் பாலும் போதும் என்றார். பிசியோதெரபிஸ்ட் மட்டும் சாப்பாட்டைப் பற்றியே பேசாமல், "அந்த நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போடுங்கள்" என்றார். இந்த மூன்று வழிகளையும் அன்றிலிருந்து படித்தும் அருகிலிருந்து பார்த்தும் எடைபோட்டு வருகிறேன்.

பத்து நாளில் அப்படி என்ன போய்விடும் என்று நானும் நினைத்திருந்தேன். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். நோய் எதுவும் இல்லை. வழக்கமான பரிந்துரைப்படி புரதமும் கிடைத்தது. ஆனாலும் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்தது. முழங்காலை நீட்டும் வலு சுமார் 16 சதவீதம் குறைந்தது. காய்ச்சலோடு, பசியில்லாமல் படுத்தவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு புரதம் என்பதிலேயே இரண்டு கட்சிகள் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது பழைய கணக்கு. அது வயது பார்க்காமல் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. புரதத்தோடு உடலுக்குள் வந்து, சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனின் வரவு செலவைச் சமன்செய்யும் அளவு. படியேறவும் எழுந்து நிற்கவும் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியிலிருந்து அது பிறக்கவில்லை. 2013-இல் புராட்-ஏஜ் என்ற பன்னாட்டு நிபுணர் குழு, 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை, நோயுற்றிருந்தால் 1.2 முதல் 1.5 வரை என்று பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்குப் பழைய கணக்கில் 48 கிராம். புதிய கணக்கில் 60 முதல் 72. நான் புதிய கணக்கின் பக்கம். வயதான தசை புரதத்தின் அழைப்புக்கு மெதுவாகத்தான் செவிசாய்க்கிறது. தசையைக் கட்டும் வேலையை முழு வேகத்துக்குக் கொண்டுவர, ஒரு வேளைக்கு இளைஞருக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதும் என்றும், முதியவருக்கு 0.4 கிராம் வரை தேவை என்றும் 2015-இல் ஒரு கணக்கீடு வந்தது.

தட்டு

இதில் முக்கியம் காலை உணவு. பெரும்பாலான முதியவர்களின் நாள் மாவுச்சத்தும் ஒரு கோப்பை பானமுமாகத் தொடங்குகிறது. புரதமெல்லாம் மதியத்துக்கும் இரவுக்கும் போய்விடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு வேளைக்குச் சுமார் 24 கிராம் என்று வைத்துக்கொண்டால், காலையில் பல நேரம் அதில் பாதிகூடச் சேர்வதில்லை. ஒரு முட்டை 6 கிராம். ஒரு தம்ளர் பால் 6 அல்லது 7. வெந்த பருப்பு 100 கிராமில் 7 முதல் 9. மீனோ கோழியோ சமைத்த 100 கிராமில் 20-க்கு மேல். இந்த எண்களை ஒருநாள் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

புரதத்தை மூன்று வேளைக்கும் சமமாகப் பிரித்தால்தான் நடை தேறும் என்று பரிசோதனைகள் முடிவாகக் காட்டிவிடவில்லை. ஆனால் பசி குறைந்தவரால் ஒரே வேளையில் 50 கிராம் புரதம் சாப்பிட முடியாது. பிரித்துக் கொடுப்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சைவமா அசைவமா என்ற வழக்கு இங்கே பெரிதாக்கத் தேவையற்றது. தசைக்குத் தொடக்க மணி அடிப்பது லியூசின் என்ற அமினோ அமிலம். அது பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் செறிவாக இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் சற்றுக் குறைவு. அளவைக் கொஞ்சம் கூட்டினால், சோயாவும் பருப்பும் தயிரும் கலந்தால், சைவத் தட்டும் ஈடுகொடுக்கும்.

டப்பா

பவுடரில் இருப்பதும் அதே புரதம்தான். பெரும்பாலும் பாலைத் திரிக்கும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது. லியூசின் மிகுதி, செரிப்பது எளிது, மெல்ல வேண்டாம். பல் இல்லாதவருக்கும், நான்கு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்காதவருக்கும் இது உண்மையான உதவி. நெதர்லாந்தில் நலிந்த முதியவர்கள் 65 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் காலையிலும் மதியத்திலும் 15 கிராம் புரதம் வீதம் 24 வாரம் கொடுத்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. தசையின் அளவு கூடவில்லை, ஆனால் நடை, சமநிலை, நாற்காலியிலிருந்து எழுதல் மூன்றையும் சேர்த்து 12-க்கு மதிப்பெண் போடும் சோதனையில் புரதம் பெற்றவர்கள் சுமார் ஒரு புள்ளி முன்னேறினார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டு டப்பா வாங்க ஓடக் கூடாது. 2018-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், போதிய புரதம் சாப்பிடாத, உடலியக்கம் குறைந்த 65 வயது கடந்த ஆண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கிலோவுக்கு 0.8 கிராமும் மற்றவர்களுக்கு 1.3 கிராமும் வரும்படி ஆறு மாதம் உணவைக் கட்டுப்படுத்திக் கொடுத்தார்கள். தசையிலோ வலுவிலோ நடையிலோ வித்தியாசமே வரவில்லை. புரதத்தை மட்டும் கூட்டிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் பலன் நிச்சயமில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

நாற்காலி

1994-இல் வெளியான பாஸ்டன் முதியோர் இல்ல ஆய்வை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது. நலிந்த முதியவர்கள் 100 பேர். சராசரி வயது 87. நான்கு குழுக்கள்: பயிற்சி மட்டும், சத்துப் பானம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை. பத்து வாரம் கால்களுக்குக் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் தசை வலு 113 சதவீதம் உயர்ந்தது, அதாவது இரு மடங்குக்கும் மேல். செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாளின் மொத்த உணவு யாருக்குக் கூடியது தெரியுமா? பயிற்சியும் பானமும் சேர்ந்து பெற்றவர்களுக்கு மட்டும்தான்.

பயிற்சியோடு புரதம் சேரும்போது என்ன கூடுதல்? நெதர்லாந்து ஆய்வாளர்களே அதையும் பார்த்தார்கள். 24 வாரம் எடைப் பயிற்சி செய்ததில், புரதம் பெற்றவர்களுக்குத் தசை 1.3 கிலோ கூடியது, பெறாதவர்களுக்குக் கூடவில்லை. வலுவும் நடையும் இரு தரப்பிலும் தேறின. செங்கல் கொண்டுவருவது புரதம், சுவர் எழுப்பச் சொல்வது பயிற்சி.

வீட்டில் நாங்கள் செய்தது மிக எளியது. சாய்வு உயர்ந்த நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டோம். உட்காரும் இடத்தில் தடித்த தலையணை ஒன்றை வைத்து உயரம் கூட்டினோம். முதல் வாரம் கையூன்றி எழுந்தார். பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுவார். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்குவார். எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு முறை. சுலபமானதும் தலையணையை எடுத்துவிட்டோம். இதோடு நடைப்பயிற்சியும் நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தொடை வலுவை இந்த அளவுக்குத் திருப்பித் தராது.

முன்னேற்றத்தை எடைத் தராசில் தேடாதீர்கள். கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய வரையறையில் 15 வினாடிக்கு மேலானால் வலுக்குறைவு. 2019-இல் வந்த ஆசிய வரையறையில் 12 வினாடியே எல்லையாக இருந்தது.

என் வரிசை இது: முதலில் பயிற்சி, அதோடு தட்டு, தட்டு போதாத இடத்தில் மட்டும் டப்பா. நோயிலிருந்து இப்போதுதான் எழுந்து, நிற்கவே முடியாதவருக்கு வரிசை தலைகீழ். சில வாரம் டப்பா முன்னால் வரலாம். அப்போதும் அது சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. மொத்தச் சாப்பாடு குறைந்தால், கொடுக்கும் புரதத்தை உடல் எரிபொருளாக எரித்துவிடும்.

சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்து, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மேலே சொன்ன கூடுதல் அளவுகள் பொருந்தாது. அவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தவே வேண்டியிருக்கும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீரிழிவும் ரத்த அழுத்தமும் நெடுநாள் இருப்பவர்கள் முதலில் சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. அப்பாவுக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான் காலைத் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தோம்.