பழைய ரிமோட் லாரியைச் சரிசெய்யக் கொடுக்கப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

எங்கள் அம்மான் 1988இல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ரிமோட் லாரி, கோட்டையூர் வீட்டில் இரண்டாம் கட்டுப் பெட்டகத்துக்குள் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. தமியா கம்பெனியின் கிளாட் பஸ்டர், 1987இல் வெளிவந்த மாடல். பொம்மை என்று சொன்னால் அம்மானுக்குக் கோபம் வரும். முன் அச்சுக்கு 540 அளவில் ஒரு மோட்டார், பின் அச்சுக்கு இன்னொன்று, நாலு சக்கரமும் திரும்பும், டயர் ஒவ்வொன்றும் சோற்றுப் பானை மாதிரி இருக்கும்.

போன வருஷம் அதை ஓட்டிப் பார்க்க ஆசை வந்து, விசாரித்து, காரைக்குடியில் ஒருவரிடம் கொடுத்தேன். பெயரைப் போடப்போவதில்லை. வேலை தெரிந்தவர்தான். அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை எடுத்துவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, சூடேறும் ரெசிஸ்டரோடு இருந்த பழைய ஸ்பீடு கன்ட்ரோலுக்குப் பதில் எலக்ட்ரானிக் ஒன்று, செத்துப்போன நிக்கல் காட்மியத்துக்குப் பதில் லித்தியம் பாலிமர் பேட்டரி, பாடிக்கு பெயின்ட் என்று பேசினோம். 22,000 ரூபாய், முன்பணம் 15,000. மூன்று வாரம் என்றார், நாலு மாதம் ஆனது. அதுகூடப் பரவாயில்லை.

வண்டி வந்தபோது பளபளவென்று இருந்தது. திண்ணையில் வைத்துப் பாடியைக் கழற்றித் திருப்பினேன். உள்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தது. அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.

எங்கள் பக்கம் அண்டாவிலிருந்து கரண்டி வரை விலாசம், அதாவது இன்ன வீட்டுச் சாமான் என்று காட்டும் எழுத்து, வெட்டாத சாமான் கிடையாது. அந்தப் பழக்கத்தில் அம்மான் இந்த லாரியையும் விடவில்லை. பாடியின் உள்பக்கமும் நாலு ரிம்மின் உள்பக்கமும் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் அடியிலும் காம்பஸ் முனையால் வீட்டு விலாசத்தைக் கீறி வைத்திருந்தார். சேசிஸின் அடியில் கீறியது அப்படியே இருந்தது. பாடியில் இல்லை, ரிம் நாலிலும் இல்லை.

"தம்பி, இது எங்க பாடி இல்லையே?"

"அதேதாண்ணே. தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சதுல போயிருக்கும்."

பெயின்ட் அடிப்பது வெளியே, கீறல் இருந்தது உள்ளே. அதைச் சொன்னதும் கதை மாறியது. பெயின்ட் கரைக்கிற டின்னர் பட்டுப் பழைய பாடி இளகிவிட்டதாம், குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாட்டினாராம், எனக்கு லாபம்தானாம். பிளாஸ்டிக் பாடியில் டின்னர் பட்டால் இளகும், உண்மைதான். ரிம்முக்கு டின்னர் எதற்கு? வண்டியோடு கொடுத்த அட்டைப்பெட்டியும் செய்முறைப் புத்தகமும் எங்கே? பதில் இல்லை. இந்த மாடலைத் தமியா மறுபடியும் வெளியிட்டிருக்கிறது, அதனால் பாடி, டயர் எல்லாம் புதிதாகக் கிடைக்கும், பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது அந்தக் காலத்துச் சாமானை. காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய நிலைக்கதவு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓட்டமாவது நன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மாட்டியிருந்த ஸ்பீடு கன்ட்ரோல் ஒற்றை மோட்டாருக்கானது. இதில் இரண்டு மோட்டார், இழுக்கும் கரண்டும் இரண்டு பங்கு. கண்மாய்க் கரையில் பத்து நிமிஷம் ஓட்டியதும் கருகிய வாடை வந்தது. அதைவிட மோசம் பேட்டரி. கன்ட்ரோலில் லித்தியமா நிக்கலா என்று தேர்ந்தெடுக்க ஜம்பர் என்று ஒரு சின்ன மாற்றிச் செருகும் துண்டு இருக்கிறது, அதை நிக்கலிலேயே விட்டிருக்கிறார். லித்தியம் பேட்டரி ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, நிக்கலில் வைத்தால் அந்த இடத்தில் கன்ட்ரோல் மோட்டாரை நிறுத்தாது. பேட்டரி குழிப்பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. தீப்பிடிக்கும் சாமான். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பின்கட்டுக்கு வெளியே மணல் வாளியில் போட்டு வைத்தேன்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். சேசிஸில் இருந்த செர்வோவை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரை, அச்சின் மேலேயே மாற்றிப் பொருத்தியிருந்தார், அந்த வேலை அருமை. இப்போது லாரி சொன்ன பக்கம் திரும்புகிறது.

கொடுப்பதாக இருந்தால், பாடிக்கு உள்ளே, ரிம்முக்கு உள்ளே, கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே போட்டோ எடுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றும், உடைந்த ஸ்க்ரூ உட்பட, திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள். நான் மூன்றையும் செய்யவில்லை.

நாலு தடவை நடந்ததில் 6,000 திரும்பி வந்தது. பழைய பாடி வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மான் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்து, "விலாசம் இருக்கான்னு காட்டுப்பா" என்றார். லாரியைக் கவிழ்த்து சேசிஸின் அடியை மட்டும் காட்டினேன்.