வாசித்தது பிள்ளைக்குப் புரிய எது உதவும்: வினா-விடையா, நால்வர் குழுவா, முதலில் கொஞ்சம் பேச்சா?

"சுளுமி டபரனைக் கிண்ணினாள்." சுளுமி யாரைக் கிண்ணினாள்? டபரனை. நீங்களும் சரியாகவே சொல்லியிருப்பீர்கள்; அந்த வரிக்கோ பொருளே கிடையாது. பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களுக்கு விடை எழுதியே பழகிய பிள்ளைகள் பலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டுக்கு மாலையில் வரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். பரீட்சைக்கு வினா-விடை முறை உதவும், பிள்ளைகள் நிறைய உள்ள வகுப்பிலும் நடத்தலாம். பிள்ளைக்குப் புரிந்ததா என்பது மட்டும் தெரியாது.

நால்வர் குழு அதைக் காட்டிக்கொடுக்கும். பாலின்க்சார், பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1984இல் விவரித்த முறை இது. வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து பார்த்தார்கள். ஒரு பத்தி முடிந்ததும் கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து வருவதை ஊகிப்பது என்று நான்கு வேலைகள். நான் அவற்றை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறேன். முதல் சில நாட்கள் பொறுமை வேண்டும். சுருக்கிச் சொல் என்றால் முழுப் பத்தியையும் மறுபடி வாசிப்பார்கள். நாம் செய்து காட்டிக்கொண்டே இருந்தால், "யார்", "எங்கே" என்று கேட்டவர்கள் மெல்ல "ஏன்" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

ஆனால் விஷயமே தெரியாத பத்தியில் இந்தக் குழுவும் நின்றுவிடுகிறது. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். தாத்தாவுக்குக் குலசேகரம் பக்கம் தோட்டம் உள்ள ஒரு சிறுமி, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். விடியுமுன் ஏன் வெட்டுகிறார்கள் என்று அவள்தான் சொன்னாள்: வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பத்தியில் அந்தக் காரணமே இல்லை. வேகமாக வாசித்த மற்றவர்கள் விழித்தார்கள். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியை வைத்து இதையே காட்டினார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள்.

அதனால் இப்போது என் முதல் இடம் பேச்சுக்கு. புத்தகத்தைத் திறக்குமுன் பத்து நிமிடம் விஷயத்தைப் பேசுகிறோம், ஒரு பகுதியை நானே வாசித்துக் காட்டுகிறேன். ஒருநாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று வாசித்தேன். குளச்சலிலிருந்து குடிவந்த பையன் உடனே, "டீச்சர், எங்களுக்கு ஜூன் மாசமில்லா தொடங்கும்!" என்றான். அவன் சொன்னது சரி. எங்கள் மாவட்டத்திலேயே சின்னமுட்டம் துறைமுகம் இருக்கும் கிழக்குக் கரைக்கு அந்தத் தேதி. குளச்சல் இருக்கும் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வாசித்ததைத் தனக்குத் தெரிந்ததோடு வைத்துப் பார்த்து அவன் மறித்துக் கேட்டானே, எந்த வினா-விடையிலும் எனக்குக் கிடைக்காதது அது. அப்புறம் நாலு பேர் குழு தானாகவே சூடுபிடித்தது.

எழுத்திலேயே தடுமாறும் பிள்ளையைக் குழுவில் வெறுமனே உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்குத் தினமும் சத்தமாக வாசிக்கும் பயிற்சியும் தனியாக வேண்டும். கதை கேட்பதையும் பேச்சையும் மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள். வினா-விடையை நான் பரீட்சைக்கு முந்தைய வாரத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.