ஏர்பேக் விளக்கு அணைந்ததை மட்டும் வைத்து நம்பாதீர்கள்: பழைய கார் சீட் மாற்றி ஏமாந்தேன்

பழைய சீட் வாங்கி மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எட்டு மாதம் என் அக்கா அந்த சீட்டில் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினார். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

டிரைவர் சீட்டின் ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் அமுங்கிப்போய் அக்காவுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. சீட் வேலை பார்க்கும் ஒரு கடையில் காட்டினேன். “ஸ்பாஞ்ச் மாத்தினா ரொம்ப நாள் நிக்காது சார். இதே மாடல்ல சுத்தமான சீட் ஒண்ணு இருக்கு, அதையே மாட்டிடலாம்” என்றார் கடைக்காரர். எங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு, அதற்கான தொகையைக் கழித்து விலை சொன்னார். காலையில் வண்டியை விட்டு மாலையில் எடுத்தேன். துணி பளிச்சென்று இருந்தது. எங்கள் காரில் டிரைவர் சீட்டின் முதுகுக்குள்ளேயே, கதவுப் பக்கம் ஒரு ஏர்பேக் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, கோளாறு இல்லை என்பதுபோல் சில நொடியில் அணைந்தது. நிம்மதியாகக் கிளம்பினேன்.

பிரேக் அடிக்கும்போதெல்லாம் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இரண்டு முறை கொண்டுபோனேன். இரண்டு முறையும் சீட் நகரும் ரெயிலில் கிரீஸ் தடவி அனுப்பினார்கள். சத்தம் போகவில்லை. கடைசியில் ஒரு விடுமுறை நாளில் நானே கழற்றிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எடுத்த எடுப்பில் ஸ்பானரை வைக்காதீர்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் மின்சாரம் அதன் கன்ட்ரோல் யூனிட்டில் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். நான் பத்து நிமிடம் காத்திருந்தேன். பட்டன் அழுத்தி நகர்த்தும் சீட் என்றால், அதைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட் வெளியே தெரியும்படி முன்னும் பின்னும் நகர்த்தி நான்கையும் தளர்த்திய பிறகுதான் பேட்டரியில் கைவைக்க வேண்டும். பேட்டரி போனால் சீட் நகராது.

நான்கு போல்ட்டில் மூன்று இறுக்கமாக இருந்தன. முன்பக்கம் கதவோரம் இருந்த நான்காவது, ஸ்பானர் பட்டதுமே விரலுக்கே சுழன்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் அது இந்த வண்டியின் போல்ட்டே இல்லை. நீளம் குறைவு, தலை வேறு, அடியில் இரண்டு வாஷர். மூன்று மரைதான் பிடித்திருந்தது, அதுவும் கோணலாக ஏறி, நசுங்கிப் பளபளத்தது. எங்கள் காரில் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட்டோடுதான் பொருத்தப்பட்டிருக்கிறது. மோதும்போது பெல்ட் இழுக்கும் இழுப்பில் பெரும்பங்கு இந்த போல்ட்டுகள் வழியாகத்தான் தரைக்குப் போகும்.

பிறகு சீட்டைப் பின்னால் சாய்த்து அடியில் டார்ச் அடித்தேன். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர் தரையிலிருந்து வந்தது. ஆனால் சீட்டுக்குள் போகவில்லை. நாலு விரல் தூரத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சில் முடிந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு சின்னப் பாகம்.

ஏர்பேக் சர்க்யூட்டில் சுமார் 2 ஓம் ரெசிஸ்டன்ஸ் தெரிந்தால், ஏர்பேக் இருக்கிறது என்று கன்ட்ரோல் யூனிட் எடுத்துக்கொள்ளும். அந்த ரெசிஸ்டர் காட்டியதும் அதைத்தான். விளக்கும் அணையும், ஸ்கேனர் போட்டாலும் கோளாறு காட்டாது. சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக் வயரில் நீங்களே வைத்துப் பார்க்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரத்திலேயே ஏர்பேக் வெடிக்கக்கூடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதுகுப் பக்கத் துணியைப் பிரித்துக் காட்டினார்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கூடும், கிழிந்த ஸ்பாஞ்சும். விபத்தில் ஏற்கெனவே வெடித்த சீட் அது. கதவுப் பக்கத் தையலை வேறு நூலால் மறுபடி தைத்து மூடியிருக்கிறார்கள். பார்க்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம்: மற்ற தையலைவிட நூல் தடிமன், இடைவெளியும் சீராக இல்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள், மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் குனிந்து அடியில் பாருங்கள். மஞ்சள் கனெக்டரின் வயர் முழுதாக சீட்டுக்குள் ஏற வேண்டும். கதவுப் பக்கத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, இரண்டு ரெயிலும் ஒரே நேரத்தில் பூட்டுகின்றனவா என்று கவனியுங்கள். அக்கறையாகப் புது கவர் வாங்கிப் போடுகிறவர்கள்கூட ஏர்பேக் வெடித்து வெளிவரும் பக்கத்தை மூடித் தைத்துவிடுகிறார்கள். அதையும் பாருங்கள்.

ரெசிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். “லைட் எரியலைல்ல சார்? அப்புறம் என்ன?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். பணம் வேண்டாம், என் பழைய சீட்டையே கொடுங்கள் என்றேன். அதில் ஸ்பாஞ்ச் மட்டும்தான் போயிருந்தது, ஏர்பேக் நன்றாகவே இருந்தது.

“அது அன்னிக்கே வித்துப்போச்சு சார்” என்றார்.