கோ, கோயில், உடையார்: கல்வெட்டு படிப்பவருக்குத் தமிழ் லெக்சிகன் எவ்வளவு உதவும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பிறகு ஓர் அனுபந்தமும் சேர்ந்தது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் தேடலாம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவருக்கு இது போதுமா? அரசனைக் குறிக்கும் சொற்களை மட்டும் வைத்துச் சொன்னால், பாதிக் கிணறு தாண்டலாம்.

முதலில் தேடும் முறை. சோழர் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இராது. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். கல்லில் 'கொ' என்று தெரிவதை அப்படியே தட்டினால் அரசன் அகப்படமாட்டான், நெடிலாக்கித் தேட வேண்டும். அடுத்த தடங்கல் புணர்ச்சி. 'கோவிராசகேசரிபன்மர்' என்பது கோ, இராசகேசரி, வர்மர். நடுவே உள்ள வகரம் உடம்படுமெய். 'விராச' என்று வெட்டிவிட்டால் எந்த அகராதியும் கைகொடுக்காது. 'பன்மர்' என்பது வர்மரின் தமிழ் வடிவம், பன்மையோடு அதற்கு உறவில்லை. இராசகேசரி, பரகேசரி இரண்டும் சோழர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள்: முதலாம் இராசராசன் இராசகேசரி, மகன் இராசேந்திரன் பரகேசரி. பெயர் சிதைந்து பட்டமும் யாண்டும் (ஆட்சியாண்டு) மட்டும் மிஞ்சிய கல்லில், எந்த அரசன் என்பதை லெக்சிகனில் தேடிப் பயனில்லை. அரசன் புகழைச் சொல்லும் முகப்புப் பகுதியான மெய்க்கீர்த்தியையும், எழுத்தின் வடிவமான எழுத்தமைதியையும்தான் பார்க்க வேண்டும்.

'கோ' என்று தேடினால் எண்ணிட்ட பல தலைச்சொற்கள் வரும். கோத்தல் ஒன்று, பசுவைக் குறிக்கும் வடசொல் ஒன்று, அரசன் ஒன்று. சொல் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலுள்ள மூலக்குறிப்பைப் பார்க்காமல் முதலில் கண்ட பொருளை எடுப்பவர்கள்தான் வழுக்குகிறார்கள்.

'கோயில்' பதிவு அருமை. அரண்மனை என்ற பொருளையும் தருகிறது. பெரிய கோயிலின் புகழ்பெற்ற கல்வெட்டில், இராசராசனின் 26ஆம் யாண்டு 20ஆம் நாளில், 'தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால்' திருமஞ்சனசாலையில் (குளிக்கும் மண்டபம்) இருந்து அரசன் ஆணையிடுகிறான். அங்கே கோயில் அரண்மனை. சிவன் கோயிலோ 'திருக்கற்றளி', அதாவது கல்லால் கட்டிய கோயில். இது தெரியாவிட்டால் அரசன் சன்னதியில் குளித்துக்கொண்டே தானம் செய்ததாக ஆகிவிடும்! 'உடையார்' இன்னும் வேடிக்கை: அரசனும் உடையார், இராசராசீச்சரத்து (பெரிய கோயிலின் அன்றைய பெயர்) இறைவனும் உடையார். சுற்றியுள்ள சொற்களைக் கொண்டே பிரிக்க முடியும்.

சொற்பிறப்பில்தான் லெக்சிகன் மெலிவு. 'அரசன்' வடமொழி ராஜனிலிருந்து வந்ததென்று ஒரு குறிப்போடு முடித்துவிடுகிறது. அதை மறுப்போரின் வாதம் அதில் இல்லை. கோலேந்துபவன் கோன் என்ற விளக்கம் மேடைகளில் நன்றாக எடுபடும், ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) கோவையும் கோலையும் தனித்தனிப் பதிவாக வைக்கிறது. அதுவும் சிகாகோ தளத்திலேயே இலவசம், இரண்டையும் சேர்த்தே திறந்து வைத்துக்கொள்ளலாம். 'வேந்தன்' தேடுவோர் 'வேந்தன் மேய தீம்புனல் உலகமும்' என்ற தொல்காப்பிய அடியையும் பார்க்கட்டும்: உரையாசிரியர்களுக்கு அந்த வேந்தன் இந்திரன், அந்த உலகம் நம் வயல்காடான மருதம்.

லெக்சிகனின் அச்சுத் தொகுதிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கல்வெட்டில் தொடர்ந்து இறங்குபவர் எ. சுப்பராயலு பதிப்பித்து சாந்தி சாதனா வெளியிட்ட 'தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி' இரு தொகுதிகளையும் வாங்கலாம்.